எக்காளப் பண்டிகையன்று உலக முடிவா? வேதம் அப்படிச் சொல்லவில்லை

“வருகிற எக்காளப் பண்டிகையில் சபை எடுத்துக்கொள்ளப்படும். பிறை தெரிவதைப் பொறுத்த நாள் என்பதால்தான் இயேசு ‘ஒருவனும் அறியான்’ என்றார்” என்று ஒரு குரல் பதிவு கிருஷ்ணகிரி, தருமபுரி வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றுகிறது. எக்காளப் பண்டிகை என்பது பிறை பார்த்துத் தொடங்கிய யூதப் பண்டிகை; சபை எடுத்துக்கொள்ளப்படுதல் என்பது இயேசு வந்து விசுவாசிகளை வானத்துக்கு எடுத்துக்கொள்வது. அந்தப் பதிவு சொல்வது தவறு.

மத்தேயு 24:36 எந்தப் பண்டிகையையும் குறிப்பிடவில்லை. தூதர்களும் அறியார்கள், பிதா ஒருவரே அறிவார் என்கிறது. பிறை பார்த்தால் தெரிந்துவிடும் நாளுக்கு இந்தப் பேச்சு பொருந்துமா? 1 கொரிந்தியர் 15:52-இல் கடைசி எக்காளம் உண்டு, தேதி இல்லை.

இப்படி நாள் குறித்தவர்கள் முன்பும் உண்டு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியாரின் கூட்டத்தார் 1844 அக்டோபர் 22-இல் இயேசு வருவார் என்று நம்பி ஏமாந்தார்கள். அமெரிக்க வானொலிப் பிரசங்கியார் ஹெரால்ட் கேம்பிங் 2011 மே 21 என்றார், பிறகு அக்டோபர் 21 என்றார். தென் கொரியாவில் லீ ஜாங் ரிம் என்ற போதகர் 1992 அக்டோபர் 28 என்று பிரசங்கித்தார். பலர் வேலையை விட்டார்கள், சொத்தை விற்றுக் கொடுத்தார்கள். அவரோ அந்தத் தேதிக்குப் பிறகு முதிர்வடையும் முதலீட்டுப் பத்திரங்களை வாங்கி வைத்திருந்தார்! மோசடிக்காகச் சிறை சென்றார்.

இந்தக் குரல் பதிவும் கடைசியில் “இனி நிலம் எதற்கு, மாந்தோப்பு எதற்கு?” என்று கேட்கிறது. அதுதான் என்னைப் பதறவைக்கிறது. காவேரிப்பட்டணத்தில் காய்க்கிற தோப்பை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டு, மறுநாள் அந்தக் குடும்பம் எங்கே போகும்?

அப்போஸ்தலன் பவுலின் காலத்தில் தெசலோனிக்கேயா சபையிலும், கர்த்தருடைய நாள் வந்துவிட்டது என்று இதே கலக்கம் இருந்தது. எங்கள் பெயரில் கடிதமே வந்தாலும் கலங்காதீர்கள் என்று பவுல் எழுதினார் (2 தெசலோனிக்கேயர் 2:2); அடுத்த அதிகாரத்திலேயே வேலை செய்து சாப்பிடச் சொன்னார். இயேசு வருவார் என்பது நம் விசுவாசம். இந்தப் பதிவை யாருக்கும் அனுப்பாதீர்கள். நிலத்துக்கு முன்பணம் வாங்கியவர்கள், கிரயப் பத்திரம் எழுதும் முன் உங்கள் போதகரிடம் பேசுங்கள்.