ஸ்டேட் போர்டு படித்தால் நீட் எழுத முடியாதா?

"ஸ்டேட் போர்டில் படிக்கிற பிள்ளைகள் நீட், ஜேஇஇ எழுத முடியாது, 6ஆம் வகுப்பிலேயே சிபிஎஸ்இக்கு மாற்றிவிடுங்கள்" என்று ஒரு வாட்ஸ்அப் தகவல் சுற்றுகிறது. தவறு.

நீட் எழுத, அங்கீகரிக்கப்பட்ட எந்த வாரியத்திலும் பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல், ஆங்கிலம் படித்துத் தேர்ச்சி பெற்றால் போதும், குறைந்தபட்ச மதிப்பெண் விதியும் எல்லா வாரியத்துக்கும் ஒன்றுதான். தமிழிலும் எழுதலாம். ஐஐடி, என்ஐடி போன்ற இன்ஜினியரிங் கல்லூரிகளுக்கான நுழைவுத்தேர்வான ஜேஇஇ மெயினும் 2021 முதல் தமிழில் நடக்கிறது. வினாக்கள் பெரும்பாலும் சிபிஎஸ்இ பள்ளிகளில் படிக்கும் என்சிஇஆர்டி (மத்திய அரசு) பாடப்புத்தகத்தை ஒட்டியே வருகின்றன, அதனால் சிபிஎஸ்இ மாணவருக்குக் கொஞ்சம் பழக்கம் கூடுதல் என்பது சரி, ஆனால் அந்தப் புத்தகம் யாருக்கும் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கிறது.

அந்தத் தகவல் சொல்லாத விஷயம்தான் முக்கியம். தமிழக அரசு 2020இல் கொண்டுவந்த 7.5 சதவீத மருத்துவ உள் ஒதுக்கீடு, 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கானது; 2021இல் இன்ஜினியரிங்குக்கும் வந்துவிட்டது. அரசுப் பள்ளியில் இருக்கும் பிள்ளையை யாரோ அனுப்பிய மெசேஜை நம்பி தனியார் சிபிஎஸ்இயில் கொண்டுபோய்ச் சேர்த்தால், ஃபீஸும் கட்டி, இந்த வாய்ப்பையும் இழக்க வேண்டியதுதான். (தனியார் பள்ளி என்றால் ஸ்டேட் போர்டானாலும் இது கிடையாது, அதையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள்.)

அப்புறம், சிபிஎஸ்இ படித்தால் தமிழக இன்ஜினியரிங் கவுன்சிலிங் கிடையாது என்பதும் புரளி. அங்கே நுழைவுத்தேர்வே இல்லை, கணிதம், இயற்பியல், வேதியியல் பிளஸ் டூ மதிப்பெண்ணை 200க்கு மாற்றிப் பார்க்கிறார்கள், மற்ற வாரிய மாணவர்களும் விண்ணப்பிக்கலாம்.