டைட்டில் எழுத்தின் மேல்வரி எங்கேப்பா போச்சு?

நம்ம ஊர் தியேட்டரில் மீட்டெடுத்த பழைய கறுப்பு வெள்ளைப் படம் ஓடுகிறதே, அதன் ஞாயிற்றுக்கிழமைக் காட்சிக்குப் போனவர்களுக்கு எதைச் சொல்கிறேன் என்று தெரியும். படத்தில் குறை இல்லை. அதை மீட்டெடுத்தவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் திரையில் மேலும் கீழும் வெட்டி, தலை இல்லாத ஹீரோவைக் காட்ட எதற்கு டிக்கெட்?

நடந்தது இதுதான். அந்தக் காலத்துக் கறுப்பு வெள்ளை ஃபிரேமின் அகலமும் உயரமும் 1.37க்கு 1, கிட்டத்தட்டச் சதுரம். டிஜிட்டல் பிரதியில் அதை ‘ஃப்ளாட்’ என்கிற கொஞ்சம் அகலமான அளவுக்குள் வைத்து, இரண்டு பக்கமும் கறுப்பு விட்டு அனுப்புவார்கள். புரொஜெக்டரில் ஃப்ளாட்டுக்கு ஒரு செட்டிங், அதைவிட அகலமான ‘ஸ்கோப்’ படங்களுக்கு ஒரு செட்டிங். முந்தைய காட்சியில் ஓடிய ஸ்கோப் செட்டிங்கை யாரும் மாற்றவில்லை. அதனால் 2கே டிஜிட்டல் பிரதியில் மேலிருந்து கீழாக உள்ள 1080 புள்ளி வரிசையில் 858தான் திரையில் விழும். ஐந்தில் ஒரு பங்கு காலி. பக்கத்துக் கறுப்பும் அப்படியே இருக்கிறது, தலையும் போச்சு!

சஸ்பென்ஸ் படம் சாமி இது. மாடிப்படியின் உச்சியில் யாரோ நிற்பதும், மேஜைக்குக் கீழே கை நகர்வதும்தான் கதையே. மேலும் கீழும் வெட்டினால் கொலைகாரன் யார் என்று எதை வைத்துக் கண்டுபிடிப்பது?

“பழைய படம்தானுங்க, வந்ததே பெருசு” என்பார்கள். வந்தது பெரிசுதான். புளித்த வாடை அடிக்கிற, சுருங்கிப்போன ஃபிலிமில் கிழிந்த ஓட்டைகளை ஒவ்வொன்றாகக் கையால் ஒட்ட வேண்டும். கீறல் தெரியாமல் இருக்க திரவத்தில் நனைத்தபடியே ஸ்கேன் செய்ய வேண்டும். இரண்டரை மணி நேரப் படம் என்றால் 2,16,000 ஃபிரேம். அத்தனையிலும் தூசி துடைத்தது ஐந்தில் ஒரு பங்கைச் சுவருக்குக் காட்டவா?

“ஆபரேட்டர் பாவம், ஒருத்தரே எல்லாத் திரையும் பார்க்கிறார்.” உண்மை. அதனால்தான் ஆபரேட்டரைச் சொல்லவில்லை, ஆள் போடாத முதலாளியைச் சொல்கிறேன். புரொஜெக்டர் வரிசையாக ஓட்டுகிற பட்டியலில் படத்துக்கு முன்னால் ஃப்ளாட் கட்டளையைச் சேர்க்க ஒரு நிமிடம் ஆகுமா?

சத்தம் இன்னொரு கொடுமை. பழைய மோனோ ஒலி நடு ஸ்பீக்கரில் மட்டும் வர வேண்டும். அதில் கீச்சு ஒலி ஏற்கெனவே குறைவு. தியேட்டர் வால்யூம் 7இல் இருக்க வேண்டியதை 4க்கு இறக்கினால் கிசுகிசுப்பு எல்லாம் போர்வைக்குள் பேசுகிற மாதிரிதான் கேட்கும். விளம்பரம் காதைக் கிழிக்கிறது என்று குறைத்தார்களாம். விளம்பரத்தைக் குறைங்கய்யா!

இது எந்த ஊரில் நடக்கிறது? டி.ஆர். சுந்தரம் ஏற்காடு ரோட்டில் மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமா ஸ்டுடியோ நடத்திய சேலத்தில். 1956இல் தமிழின் முதல் முழுநீள வண்ணப்படம் இங்கிருந்து போனது. 60களில் ஜெய்சங்கர் துப்பாக்கியோடு ஓடியதும் இங்கேதான். மிச்சம் இருப்பது ஸ்டுடியோவின் அந்த வாசல் வளைவு. அதன் முன்னால் செல்ஃபி எடுக்கத் தெரிகிறது. அந்தப் படங்களில் ஒன்றை நாளைக்கு யாராவது மீட்டுக் கொண்டுவந்தாலும் இப்படித்தான் வெட்டுவீர்களா?

“கவுண்டரில் சொல்லியிருக்கலாமே, இங்கே எதற்குப் புலம்பல்?” சொன்னவர்களுக்குக் கிடைத்த பதில்: “பழைய படம் அப்படித்தான் சார் இருக்கும்.”

இன்று இரவுக் காட்சிக்குப் போகிறவர்கள் டைட்டிலிலேயே பாருங்கள். எழுத்தின் மேல்வரியோ கீழ்வரியோ அறுந்திருந்தால் உடனே எழுந்து போய் “ஃப்ளாட்டில் போடுங்க” என்று சொல்லுங்கள். இடைவேளைக்குக் காத்திருக்காதீர்கள், முதல் கொலை அதற்குள் முடிந்துவிடும்.