திதி தெரியாத ஒருவரின் கதையை எழுதும்போது

என் பாட்டியின் அப்பா 1943-இல் மலாயாவின் பேராக் மாநிலத்து ரப்பர் தோட்டம் ஒன்றிலிருந்து, இரண்டாம் உலகப் போரில் ஜப்பானியர் போட்ட சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குக் கொண்டுபோகப்பட்டார். திரும்பி வரவில்லை. அவருடைய சாவுக்கு எங்கள் குடும்பத்தில் மூன்று கதைகள் உண்டு. வாந்திபேதியில் போய்விட்டார் என்பது ஒன்று. காவலாளி அடித்ததில் இறந்தார் என்பது மற்றொன்று. காட்டுக்குள் தப்பி ஓடி, சயாமிலேயே வேறொரு பெண்ணோடு வாழ்ந்து முடிந்தார் என்பது மூன்றாவது. இதைப் பாட்டியின் முன்னால் யாரும் பேசுவதில்லை. கொள்ளுப்பாட்டியோ சாகும்வரை தாலியைக் கழற்றவில்லை.

அவரைப் பற்றி ஒரு நாவல் எழுதிக்கொண்டிருக்கிறேன். “கடைசியில் எப்படிச் செத்தார் என்று வைத்திருக்கிறாய்?” என்று கேட்காத உறவினர் இல்லை. அதை முடிவு செய்யும் உரிமை எனக்கு இல்லை என்றே இப்போது உறுதியாக நினைக்கிறேன்.

தாய்லாந்தின் பான் பொங்கிலிருந்து பர்மாவின் தான்பியூசயாத் வரை 415 கிலோமீட்டர் நீண்ட அந்தப் பாதை 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் உழைத்த நேச நாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேர். இறந்தவர்கள் 12,000-க்கும் மேல். காஞ்சனபுரி கல்லறைத் தோட்டத்தில் மட்டும் ஏறக்குறைய 7,000 பேர் வரிசையாக அடக்கம் செய்யப்பட்டிருக்கிறார்கள். தமிழர், மலாய்க்காரர், பர்மியர், ஜாவாக்காரர் என்று கொண்டுபோகப்பட்ட ஆசியத் தொழிலாளர்களோ 1,80,000 பேருக்கும் மேல் என்கிறார்கள். இறந்தவர்கள் 90,000 வரை இருக்கலாம் என்கிறார்கள். இவை மதிப்பீடுகளே. அவர்களுக்குப் பெயர் பொறித்த கல் கிடையாது. ஆகவே என் முப்பாட்டனாரின் மரணம் புதிராக இருப்பது தற்செயல் இல்லை. அவருடைய பெயரை எழுதி வைக்க வேண்டியவர்கள் எழுதவில்லை. அந்த வெற்றிடத்தை நான் ஓர் அழகான சாவால் நிரப்பினால், அவர்கள் செய்த அநீதியை நானே மூடி மறைத்தவனாவேன்.

இதைப் பட்டுத்தான் தெரிந்துகொண்டேன். முதல் வரைவில் அவர் மூங்கில் தெப்பம் கட்டி இரவில் ஆற்றைக் கடந்து தப்புவதாக எழுதி, அந்த அத்தியாயத்தை வீட்டில் வாசித்துக் காட்டினேன். மாமா கண் கலங்கினார். சில மாதங்கள் கழித்து ஒரு கல்யாண வீட்டில் அவர் அந்தத் தெப்பத்தைப் பற்றி, தம் தாத்தாவுக்கு உண்மையாகவே நடந்ததாகப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். அந்தத் தெப்பம் என் மேசையில் பிறந்தது! எண்பது ஆண்டுகளாகக் குடும்பம் காத்து வந்த மூன்று கதைகளுக்கு நடுவே நான்காவதாக ஒரு பொய்யை நட்டுவிட்டேன் என்று அன்றிரவு எனக்கு உறக்கம் வரவில்லை.

அதற்காகக் கற்பனையே கூடாது என்று சொல்ல மாட்டேன். சரக்குப் பெட்டிக்குள் நிற்கவும் இடமில்லாமல் போன பயணம், பான் பொங்கில் இறங்கியபின் காட்டு வழியே நாட்கணக்கில் நடந்தது, 1943 மே மாதத்து மழையோடு முகாம்களில் பரவிய காலரா ஆகியவற்றைத் தப்பி வந்தவர்களும் போர்க்கைதிகளும் சொல்லி வைத்திருக்கிறார்கள். அதே காலத்தில் அதே பாதையில் மற்றவர்கள் பட்டதை அவரும் பட்டிருப்பார் என்று எழுதத் துணிகிறேன். அவர் பக்கத்தில் படுத்திருந்தவரிடம் என்ன பேசியிருப்பார் என்பதையும் எழுதுகிறேன். புனைவு அங்கேதான் தேவைப்படுகிறது, ஏனென்றால் எந்த ஆவணமும் அவரைப் பேச விட்டதில்லை. ஆனால் எது கிடைத்தது, எது நான் சேர்த்தது என்பதைப் புத்தகத்திலேயே சொல்லிவிடுவேன். என் பிள்ளைகள் அதைக் குடும்ப வரலாறாகவும் படிப்பார்கள் அல்லவா?

தெப்ப அத்தியாயத்தை எடுத்துவிட்டேன். இப்போது மூன்று சாவுகளும் நாவலில் இருக்கின்றன. ஒவ்வொன்றையும் அதை நம்பியவரே சொல்கிறார். கடைசி அத்தியாயம் பாட்டியின் சமையலறையில் நடக்கிறது. இறந்த திதி தெரியாததால் அவருக்கு மகாளய அமாவாசையில்தான் படையல். அப்பா போனபோது பாட்டிக்கு ஆறு வயது. இலை போட்டுவிட்டு, காக்கைக்குச் சோறு வைக்கும்வரை பாட்டி யாரிடமும் பேச மாட்டார்.