படத்தைத் திருப்பிப் பாருங்கள்

லேத் (உலோகத்தைக் கடையும் இயந்திரம்) முன்னால் குனிந்து நிற்கும் பெண், விமானத்தின் உடலில் துளை போடும் பெண் என்று இரண்டாம் உலகப் போர்க் காலத்துப் பழைய படங்கள் அடிக்கடி பகிரப்படுகின்றன. ‘அந்தக் காலத்திலேயே பாருங்க!’ என்று வியக்கிறோம், ஆயிரம் லைக் போடுகிறோம். படத்தில் இருப்பது யார் என்று ஒருவர்கூடக் கேட்பதில்லை. எனக்கு இது உண்மையிலேயே வலிக்கிறது.

1942 மார்ச்சில், கலிபோர்னியாவின் அலமேடா கடற்படை விமானத் தளத்தில் எடுத்த படம் ஒன்று. 20 வயதுப் பெண், புள்ளி போட்ட துணியால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு லேத்தில் வேலை செய்கிறார். அந்தத் துணி அழகுக்காகக் கட்டியதில்லை. உலோகத் துண்டைப் பிடித்துக்கொண்டு சுற்றுகிற சக்கில் ஒரு கொத்து முடி சிக்கினால் தலையையே இழுத்துவிடும். பட்டறையில் நின்றவர்களுக்குத் தெரியும். ஆனால் படத்தோடு வந்த பத்திரிகைக் குறிப்பில் இந்த அழகியின் மூக்கு மெஷினில் மாட்டிக்கொள்ளும் போலிருக்கிறதே என்று கேலிதான் செய்திருந்தார்கள். லேத்தை இயக்குகிறார் என்பதைத் தாண்டி, அவர் கை என்ன செய்கிறது என்று ஒரு வரி இல்லை.

ஒரு நல்ல காரியம் மட்டும் செய்தார்கள், பெயரை எழுதினார்கள்: நவோமி பார்க்கர்.

பிற்பாடு குறிப்பு கழன்றுபோய்ப் படம் மட்டும் சுற்றியது. 1943இல் வந்த, ஒரு பெண் கையை மடக்கிக் காட்டும் புகழ்பெற்ற ‘We Can Do It!’ போஸ்டருக்கு இந்தப் படம்தான் மாதிரி என்ற பேச்சும் சேர்ந்துகொண்டது (அதற்கு உறுதியான ஆதாரம் கிடையாது). இன்னொரு பெண் படத்தில் இருப்பது தான்தான் என்று மனதார நம்பினார், உலகமும் நம்பியது. 2011இல், போர்க்காலத் தொழிலாளிகள் கூடிய நிகழ்ச்சியில், தன் முகத்துக்குக் கீழே வேறொருவர் பெயர் இருப்பதை நவோமி பார்த்தார். ஜேம்ஸ் கிம்பிள் என்ற பேராசிரியர் ஆண்டுக்கணக்கில் தேடி, பழைய பிரதி ஒன்றின் பின்புறத்தில் அந்தக் குறிப்பைக் கண்டுபிடித்தபோது நவோமிக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. பேரும் புகழும் வேண்டாம், நான் நானாக அறியப்பட்டால் போதும் என்பதுதான் அவர் சொன்னது. 2018 ஜனவரியில், 96 வயதில் காலமானார்.

லண்டன் வாட்டர்லூ பாலத்தின் கதை இதைவிட மோசம். போர் நடந்தபோது நூற்றுக்கணக்கான பெண்கள் அங்கே உழைத்தார்கள். 1945 டிசம்பரில் திறப்பு விழா மேடையில் அமைச்சர் ஹெர்பர்ட் மாரிசன், பாலத்தைக் கட்டிய ஆண்கள் பாக்கியசாலிகள் என்று பேசிவிட்டுப் போனார். தேம்ஸ் படகுக்காரர்கள்தான் ‘பெண்கள் கட்டிய பாலம்’ என்று வாய்வழியாகச் சொல்லிவந்தார்கள். அங்கே வெல்டிங் வேலை செய்த பெண்களின் படங்கள் 2015இல் கிடைத்த பிறகுதான் அந்தப் பேச்சுக்குச் சாட்சி வந்தது. எழுபது வருஷம்!

எல்லாரும் இப்படி விட்டுவிடவில்லை. 1943 ஏப்ரலில் அயோவா மாநிலத்தின் கிளின்டன் ரயில் பணிமனையில், எஞ்சின் துடைக்கும் பெண்கள் சாப்பிட உட்கார்ந்திருப்பதை ஜாக் டெலானோ படமெடுத்தார். அங்கே எடுத்த தனிப்படங்களின் குறிப்பில் பெயர், செய்த வேலை, எத்தனை குழந்தைகள் என்பதுவரை இருக்கிறது. அமெரிக்க நாடாளுமன்ற நூலகத்தின் இணையதளத்தில் இலவசமாகவே பார்க்கலாம்.

அதனால் கேட்கிறேன். அடுத்த முறை பகிர்வதற்கு முன், மூலப் படம் எங்கே இருக்கிறது என்று ஐந்து நிமிடம் தேடுங்கள். பெயர் கிடைத்தால் முதல் வரியிலேயே போடுங்கள். கிடைக்காவிட்டால், அந்தக் கை என்ன வேலை செய்கிறது என்றாவது எழுதுங்கள்.