ஓடிபி வந்தாலே கணக்கு போய்விடாது

"கேட்காமல் ஓடிபி (ஒருமுறை மட்டும் பயன்படும் குறியெண்) வந்தால் கணக்கு போச்சு, உடனே சிம்மை மாற்று" என்று ஒரு அண்ணன் எழுதியிருப்பது சரியல்ல. யாரோ உங்கள் எண்ணைப் போட்டு நுழையப் பார்த்திருக்கலாம், தன் எண்ணில் ஓர் இலக்கத்தைத் தப்பாக அடித்தும் இருக்கலாம். சிம்மை மாற்றினாலும் எண் அதேதானே, ஓடிபி மறுபடியும் வரும்!

கடவுச்சொல் கொடுத்த பிறகே ஓடிபி அனுப்பும் கணக்கு என்றால் மட்டும், அது யாருக்கோ தெரிந்திருக்கலாம் என்பதால், கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள், அதுவும் செயலிக்குள் நேராகப் போய்.

மார்த்தாண்டத்தில் கடை வைத்திருக்கும் என் சித்தப்பாவுக்கு, தெரிந்தவர் எண்ணிலிருந்தே "தப்பா உங்களுக்கு வந்துட்டு, அந்த ஆறு நம்பரைச் சொல்லுங்க" என்று செய்தி வந்தது. சொன்னார். வாட்ஸ்அப் அன்றைக்கே கைமாறிவிட்டது. அதில் இருபடிச் சரிபார்ப்புக்கான ரகசிய எண்ணை (PIN) முன்பே போட்டிருந்தால் தப்பித்திருப்பார். பணமும் போயிருந்தால் தாமதிக்காமல் இணையக் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.