புரிட்டோவைச் சற்றுச் சிறிதாகச் சுருட்டக் கூடாதா?

சிங்கப்பூரின் அங் மோ கியோவில் எங்கள் அடுக்குமாடி புளோக்கிலிருந்து காப்பிக்கடைக்குப் போகும் வழியில், முடிதிருத்தும் கடைக்கும் சீன மருந்துக்கடைக்கும் நடுவே, உட்கார ஒரு நாற்காலிகூட இல்லாத சின்னக் கடை ஒன்று திறந்து மூன்று மாதமாகிறது. ரொட்டிக்குள் பண்டங்களை வைத்துச் சுருட்டும் மெக்சிகோ உணவான புரிட்டோதான் அங்கே பிரதானம். வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட வேண்டும். சென்ற சனிக்கிழமை மாலை மழை வெளுத்து வாங்கியதால் தேக்கா சந்தைக்குப் போகும் எண்ணத்தைக் கைவிட்டு, எனக்கும் அம்மாவுக்குமாகச் சேர்த்து ஒரு கோழி புரிட்டோ வாங்கினேன். விலை 13 வெள்ளி 90 காசு.

கடைக்கார இளைஞர் அதைச் செய்கிற அழகுக்கே பாதிப் பணத்தைக் கொடுத்துவிடலாம். சப்பாத்தி போன்ற பெரிய டோர்ட்டியா ஒன்றை வெப்பத் தகட்டில் போட்டு, சிறு சிறு கொப்புளங்கள் எழும்வரை பொறுத்திருந்தார். பிறகு எலுமிச்சைச் சாறும் கொத்தமல்லியும் கலந்த சோறு, கறுப்பு பீன்ஸ், கோழி, தக்காளி சல்சா, பாலாடைக்கட்டி, குவாக்கமோலே என்னும் அவகாடோ மசியல், சவர் கிரீம் என்னும் புளித்த பாலேடு என்று வரிசையாக வைத்து, இரு ஓரங்களையும் உள்ளே மடித்து, கட்டைவிரல்களால் இழுத்துப் பிடித்தபடி ஒரே உருட்டில் சுருட்டி முடித்தார். பல ஆண்டுகளாகப் போப்பியா என்னும் சீனச் சுருள் பண்டத்தைச் சுருட்டிவரும் முதியவர்களின் கையில்தான் அப்படியொரு லாகவத்தை நான் பார்த்திருக்கிறேன். இறுதியில் டோர்ட்டியா மெலிந்து, உள்ளே இருக்கும் பீன்ஸின் கறுப்பு வெளியே மங்கலாகத் தெரிந்தது. ஆனால் எங்கும் கிழியவில்லை.

கிழியாததை அலுமினியத் தாளில் இறுகச் சுற்றி, அதை ஒரு நெகிழிப் பையிலும் போட்டு முடிச்சுப் போட்டதில்தான் வினை தொடங்கியது. மின்தூக்கிக்குக் காத்திருந்து, பதினொன்றாம் மாடிக்கு வந்து, அம்மாவை மேசைக்கு அழைத்துப் பிரிப்பதற்குள், உள்ளிருந்த ஆவியே தண்ணீராகி டோர்ட்டியாவின் அடிப்பகுதியை நனைத்துவிட்டது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன்: 540 கிராம். முதல் வாயில் சோறும் சவர் கிரீமும், இரண்டாம் வாயிலும் அவையே. கோழி மூன்றாவது கடியில்தான் தலைகாட்டியது. கோழியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. புகை மணமும் சீரகத்தின் வாசமும் சரியான அளவில் இருந்தன. அந்தச் சுவையைத் தேடி அவ்வளவு சோற்றைக் கடக்க வேண்டியிருந்ததே என்பதுதான் என் வருத்தம். அம்மா தன் பங்கில் பாதியை வைத்துவிட்டு, "சப்பாத்திக்குள்ள சோத்த வெச்சுக் கட்டுவாங்களாப்பா யாராவது?" என்று கேட்டார்.

தோசைக்குள் உருளைக்கிழங்கை வைத்துச் சாப்பிடுகிற நாம் இதைக் கேட்கலாமா என்று சொல்லி நான் சிரித்தேன். ஆனால் யோசித்துப் பார்த்தால் அம்மாவின் கேள்வியில் வரலாறே இருக்கிறது. புரிட்டோ மெக்சிகோவின் வடபகுதி உணவு. ஸ்பானியர்கள் கொண்டுவந்த கோதுமை சொனோரா, சிவாவா போன்ற வறண்ட வட மாநிலங்களில் நன்றாக வேரூன்றியதால், தெற்கே மக்காச்சோள டோர்ட்டியா கோலோச்ச, வடக்கே கோதுமை டோர்ட்டியா வழக்கத்துக்கு வந்தது. (அதே ஸ்பானியர்களின் கப்பலில் கொத்தமல்லி அங்கே போனது, போர்த்துகீசியர்களின் கப்பலில் மிளகாய் நம் பக்கம் வந்தது. இன்று அந்த ஒரு சுருளுக்குள் இரண்டும் கிடக்கின்றன.) ஸ்பானிய மொழியில் புரிட்டோ என்றால் சின்னக் கழுதை. கழுதை வண்டியில் உணவு விற்ற ஒருவரால் மெக்சிகோ புரட்சிக் காலத்தில் வந்த பெயர் என்று ஒரு கதை உலவுகிறது. ஆனால் 1895இல் வெளியான மெக்சிகோ வழக்குச்சொல் அகராதியிலேயே இந்தச் சொல் இருப்பதால் அந்தக் கதையை நான் நம்புவதில்லை.

வட மெக்சிகோவின் சியூடாட் ஹுவாரஸ் நகரில் இன்றும் புரிட்டோ என்றால் ஒல்லியான சுருள்தான். உள்ளே மிளகாயில் வெந்த இறைச்சியோ மசித்த பீன்ஸோ, ஏதேனும் ஒன்றிரண்டு பண்டம் மட்டுமே இருக்கும். சோற்றையும் மற்ற அனைத்தையும் திணித்து, அலுமினியத் தாளில் சுற்றிக் குழந்தை போலக் கையில் கொடுக்கும் வடிவம், 1960களில் சான் ஃபிரான்சிஸ்கோவின் மிஷன் வட்டாரத்தில் பரவியது. நம் கடைகள் மெக்சிகோ உணவு என்று சொல்லி விற்பது பெரும்பாலும் இந்த அமெரிக்கப் பிள்ளையைத்தான். அதில் தவறொன்றுமில்லை. இருந்தாலும் தாய் வீட்டின் அளவே நமக்குப் பொருந்தும் என்பது என் எண்ணம்.

விலை அதிகம் என்று புளோக்கில் பலர் சொல்கிறார்கள். அதை நான் ஏற்கமாட்டேன். உணவில் 90 விழுக்காட்டுக்கும் மேல் இறக்குமதி செய்கிற நாட்டில், அவகாடோவையும் பாலாடைக்கட்டியையும் வைத்துக்கொண்டு, கடை வாடகையும் கொடுத்துவிட்டு, ஐந்து வெள்ளிக்குக் கோழிச் சோறு விற்பவரோடு ஒருவர் போட்டியிட முடியாது. ஆனால் காலையில் பசியாறவும் மாலைச் சிற்றுண்டிக்கும் ஏற்ற அளவில், சோறே இல்லாமல், ஒரே ஒரு பண்டத்தை வைத்துச் சுருட்டி ஆறு வெள்ளிக்குக் கொடுத்தால், கடைவாசலில் நின்றபடியே சூட்டோடு தின்றுவிடலாம்; டோர்ட்டியா நனைவதற்கு நேரமே இருக்காது. சம்பால் என்னும் மிளகாய் விழுதைத் தடவி, உள்ளூர்ச் சுவை என்று பெயர் சூட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். உள்ளூர் வழக்கம் என்பது காரத்தில் மட்டுமா இருக்கிறது? பெயருக்கு ஒரு பரோட்டா, கொஞ்சம் குழம்பு, ஒரு தே தாரிக் தேநீர் என்று முடித்துக்கொண்டு எழுந்து போகிற பழக்கமும் உள்ளூர் வழக்கம்தானே.

நேற்று வேலை முடிந்து வரும் வழியில் இதை அந்த இளைஞரிடமே சொன்னேன். டோர்ட்டியா தமக்கு 30 சென்டிமீட்டர் அளவில்தான் வருகிறது என்றார் முதலில். பிறகு, டாக்கோ என்னும் மடித்த டோர்ட்டியா பண்டத்துக்கென்று சின்ன அளவில் வாங்கிவைத்திருப்பதையும் அவரே சொன்னார். சொன்னவர், குளிர்பெட்டியைத் திறந்து அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தகட்டில் போட்டார். வெறும் பீன்ஸும் சல்சாவும் மட்டும் வைத்து அவர் சுருட்டிக் கொடுத்ததை அங்கேயே நின்று தின்றேன். காசு வாங்க மறுத்துவிட்டார். பீன்ஸுக்கு உப்பு மட்டும் சற்றுக் குறைவு.