ஹெல்மெட் போட்டாச்சு, அப்புறம்?

ஆறு வருடமாக வேலைக்கு சைக்கிளில்தான் போய் வருகிறேன். இது தெரிந்ததும் ஒருவர் விடாமல் கேட்பது: "ஹெல்மெட் போடுறீங்கல்ல?"

போடுகிறேன். விழுந்தால் தலையைக் காப்பாற்றும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. 2016-இல் நாற்பது ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், விபத்தில் சிக்கியவர்களுள் ஹெல்மெட் போட்டிருந்தவர்களுக்குப் பலத்த தலைக்காயம் ஏற்படும் வாய்ப்பு 69 சதவீதம் குறைவாக இருந்தது. ஆனால் அந்தக் கணக்கு தொடங்குவதே விழுந்த பிறகுதானே? என்னை விழவைப்பது எது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

போன மாதம் ஓரமாக நின்றிருந்த ஒரு காரின் கதவு சட்டென்று திறந்தது. இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்ததில் பின்சக்கரம் ஒரு சாண் தூக்கி இறங்கியது. முன்சக்கரத்துக்கும் கதவு விளிம்புக்கும் நாலு விரல் இடைவெளி. இறங்கியவர் முதலில் கதவில் கீறல் விழுந்திருக்கிறதா என்று தடவிப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்து, "நல்லவேளை, ஹெல்மெட் போட்டிருக்கீங்க" என்றார். கதவுப் பக்கத்துக் கையால் திறக்காமல் மறு கையால் திறந்திருந்தால் உடம்பு தானாகத் திரும்பியிருக்கும், நான் வருவது கண்ணில் பட்டிருக்கும். செலவே இல்லாத பழக்கம்.

இங்கிலாந்தில் பாத் பல்கலைக்கழகத்தின் இயன் வாக்கர் 2006-இல் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிக்கும். சைக்கிளில் தூரம் அளக்கும் கருவியைப் பொருத்திக்கொண்டு, ஹெல்மெட்டோடு பாதி, இல்லாமல் பாதி என்று ஓட்டினார். முந்திச் சென்ற 2,000-க்கும் மேற்பட்ட வண்டிகளை அளந்ததில், ஹெல்மெட் போட்டிருந்தபோது சராசரியாக எட்டரை சென்டிமீட்டர் கூடுதலாக நெருங்கி வந்திருக்கிறார்கள். மனிதர் அதோடு விடவில்லை. நீள முடி டோப்பா ஒன்றை மாட்டிக்கொண்டு ஓட்டினார். பெண் என்று நினைத்தோ என்னவோ, தாராளமாக விலகிப் போனார்களாம். ஆய்வுக்கு நடுவே ஒரு பேருந்தும் ஒரு லாரியும் அவரை இடித்தன, இரண்டு தடவையும் தலையில் ஹெல்மெட்.

பின்னாளில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் இதே எண்களைத் திரும்பக் கணக்கிட்டு, ஒரு மீட்டருக்குள் வரும் ஆபத்தான முந்தலுக்கும் ஹெல்மெட்டுக்கும் தொடர்பில்லை என்றார்கள். சரி, இருக்கட்டும். அந்த இடைவெளி ஓட்டுநரின் மனசைப் பொறுத்தது என்பதுதான் என்னை உறுத்துகிறது. என் உயிர் ஏன் முன்பின் தெரியாத ஒருவரின் தாராளத்தில் தொங்க வேண்டும்?

அமெரிக்காவின் 12 பெருநகரங்களில் 13 ஆண்டு விபத்துக் கணக்குகளை அலசி 2019-இல் ஓர் ஆய்வு வந்தது. தடுப்பு வைத்துப் பிரித்த சைக்கிள் பாதைகள் உள்ள நகரங்களில் சாலைச் சாவுகள் குறைவு, காரில் போகிறவர்களுக்கும் சேர்த்து. வெறும் பெயின்ட் கோட்டுக்கு அந்தப் பலன் தெரியவில்லை. தெரியாதுதான். நான் போகும் வழியிலும் ஒரு கோடு உண்டு. வண்டிகளை நிறுத்தி வைக்க வசதியான இடம்.

ஆரோக்கியத்தைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை, எல்லோருக்கும் தெரிந்ததே. பிரிட்டனில் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களைக் கவனித்து 2017-இல் வந்த ஆய்வில், சைக்கிளில் வேலைக்குப் போனவர்களின் இறப்பு அபாயம் 41 சதவீதம் குறைவு. (திடமாக இருப்பவர்தான் சைக்கிளையே எடுக்கிறார் என்ற சந்தேகம் அந்த எண்ணோடு எப்போதும் ஒட்டிக்கொண்டிருக்கும்.) காரை விட்டு சைக்கிளுக்கு மாறினால் ஆயுள் 3 முதல் 14 மாதம் கூடும், விபத்தால் போவது 5 முதல் 9 நாள் என்று 2010-இல் ஒரு கணக்குப் போட்டார்கள். நல்ல லாபம். ஆனால் அது நெதர்லாந்து சாலைகளுக்குப் போட்ட கணக்கு.

2003-இல் பீட்டர் ஜேக்கப்சன் என்ற ஆய்வாளர் காட்டிய இன்னொரு கணக்கும் உண்டு. சைக்கிள் ஓட்டுபவர்கள் இரண்டு மடங்கானால், ஒவ்வொருவருக்கும் உள்ள ஆபத்து மூன்றில் ஒரு பங்கு குறையும். கூட்டமாக இருந்தால் ஓட்டுநர் கண்ணில் படுகிறோம். கூட்டம் எங்கிருந்து வரும்? அமெரிக்காவின் போர்ட்லாண்ட் நகரில் ரோஜர் கெல்லர் என்ற அதிகாரி 2006-இல் மக்களை நாலாகப் பிரித்தார். எந்தச் சாலையிலும் துணிந்து ஓட்டுபவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. ஆசை உண்டு, பயமாக இருக்கிறது என்பவர்கள் 60 சதவீதம்.

நான் அந்த ஒரு சதவீதத்தில் ஒருவன். என் மகளுக்குப் பன்னிரண்டு வயது, பள்ளிக்கு சைக்கிளில் போகட்டுமா என்று இரண்டு வருடமாகக் கேட்கிறாள். இத்தனை ஆய்வு பேசுகிற நான் இன்னும் சரி என்று சொல்லவில்லை. ஞாயிறு காலையில் மட்டும் இருவரும் கிளம்புகிறோம். ஓரத்தில் அவள், வண்டிகள் வரும் பக்கம் நான். பெரிய சந்திப்பு வந்ததும் இறங்கித் தள்ளிக்கொண்டு கடக்கிறோம். "ஹெல்மெட்தான் போட்டிருக்கேனே, ஏம்ப்பா இறங்கணும்?" என்கிறாள்.